எதிர்வண்டி

திருநெல்வேலி சந்திப்பிலிருந்து தென்காசி சந்திப்புக்கு ரயில் பாதை 72 கிலோமீட்டர். வழியெல்லாம் வயல், வாழை, குளம், மறுபடி வயல். பொதிகை மலை இடதுபக்கம் கூடவே வருகிறதே தவிர, பாதை எங்கும் மலையேறுவதில்லை. சுரங்கமும் இல்லை. டீசல் எஞ்சின் போய் மின்சார எஞ்சின் வந்துவிட்டது. அப்படியும் செங்கோட்டை பாசஞ்சர், தென்காசிக்கு அப்பாலுள்ள 8 கிலோமீட்டரையும் சேர்த்து 80 கிலோமீட்டர் போக, அட்டவணையிலேயே சுமார் இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர். அட்டவணை தவறுகிற நாளில் அதற்கும் கீழே.

அம்பாசமுத்திரத்தில் வண்டி நின்றுகொண்டே இருக்கும்போது பெட்டிக்குள் நடக்கும் பேச்சை அந்தப் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள்.

"ஏ தம்பி, எதுக்கு நிக்கு? சிக்னல் விழலியா?"

"கிராசிங் அண்ணாச்சி. எதிர்வண்டி வரணும்."

"அது எங்க வருது?"

"தென்காசியிலயே லேட்டாத்தான் எடுத்தானாம்."

"கரண்டு போட்டா வேகமாப் போவும்னாங்க. இப்பவும் இதே உருட்டுதானா?"

அண்ணாச்சியின் கேள்வி நியாயமானது. எஞ்சின் மாறியது, கம்பி வந்தது, மீட்டர்கேஜ் போய் பிராட்கேஜ் ஆனது. பயண நேரம் மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஏன் என்று கேட்டால் நிர்வாகத்தைத் திட்டுவதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் இந்தத் தாமதத்துக்குள் பள்ளிக்கூடக் கணக்கிலேயே பிடித்துவிடக்கூடிய காரணங்கள் இருக்கின்றன. அதைப் பிடித்துவிட்டால், எதைக் கேட்டுப் போராட வேண்டும் என்பதும் தெளிவாகும்.

முதலில் நிறுத்தங்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் நிற்காமல் ஓடினால் 72 கிலோமீட்டருக்கு 48 நிமிடம் போதும். ஆனால் பாசஞ்சர் நிற்பதற்காகவே ஓடுகிற வண்டி. திருநெல்வேலி டவுன், பேட்டை, சேரன்மகாதேவி, காருகுறிச்சி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், கீழ ஆம்பூர், ஆழ்வார்குறிச்சி, ரவணசமுத்திரம், கீழக்கடையம், மேட்டூர், பாவூர்சத்திரம், கீழப்புலியூர் என நடுவில் 14 ஊர்கள். ஒவ்வொரு ஊரிலும் வண்டி இழக்கும் நேரம், அங்கே நிற்கிற ஒரு நிமிடம் மட்டுமல்ல. வேகம் குறைத்து நுழைவதிலும், மறுபடி வேகம் பிடிப்பதிலும் போகிற நேரம் உண்டு.

மணிக்கு 90 கிலோமீட்டர் என்பது நொடிக்கு 25 மீட்டர். எஞ்சின் இழுக்கும் வண்டி நொடிக்கு நொடி 0.3 மீட்டர் வீதம் வேகம் கூட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், முழு வேகம் பிடிக்க 83 நொடி. அந்த 83 நொடியில் அது கடக்கும் தூரத்தை முழு வேகத்தில் 42 நொடியில் கடந்திருக்கலாம். ஆக, புறப்படும்போது 41 அல்லது 42 நொடி நஷ்டம். பிரேக் நொடிக்கு நொடி 0.5 மீட்டர் வேகம் குறைக்கிறது என்று வைத்தால், நிற்கும்போது இதே கணக்கில் 25 நொடி. நின்ற ஒரு நிமிடத்தையும் சேர்த்தால் ஒரு நிறுத்தத்துக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலே. 14 ஊருக்கு அரை மணி நேரம் போய்விடுகிறது. திருநெல்வேலியில் புறப்படுவதையும் தென்காசியில் நிற்பதையும் சேர்த்தால் மொத்தம் ஏறக்குறைய 79 நிமிடம்.

இப்போது, செய்தித்தாளில் அடிக்கடி வருகிற அறிவிப்பை எடுத்துக்கொள்வோம்: பாதையின் வேகம் 110 கிலோமீட்டராக உயர்த்தப்படும். நிற்காமல் ஓடும் நேரம் 48 நிமிடத்திலிருந்து 39 ஆகக் குறைகிறது. ஆனால் அதிக வேகத்தைப் பிடிக்கவும் அதிலிருந்து இறங்கவும் கூடுதல் நேரம் வேண்டும் என்பதால் ஒவ்வொரு நிறுத்தத்தின் நஷ்டமும் கூடுகிறது. எல்லாம் கூட்டிக் கழித்தால் மொத்தம் 74 நிமிடம். தண்டவாளத்தைப் பலப்படுத்தி, வளைவுகளைச் சரிசெய்து, கேட்டுகளை மூடி, இத்தனை செலவும் செய்து பாசஞ்சர் பயணிக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம்.

அதே பாதையில், அதே 90 கிலோமீட்டர் வேகத்தில், எஞ்சின் வண்டிக்குப் பதிலாக மெமு விட்டால் என்ன ஆகும்? மெமு ரயிலுக்குத் தனி எஞ்சின் கிடையாது. பெட்டிகளில் சிலவே மோட்டார் பெட்டிகளாக இருக்கும். இழுக்கும் வேலையைப் பல சக்கரங்கள் பங்குபோட்டுக்கொள்ளும். அதனால் சீக்கிரம் வேகம் பிடிக்கும். நொடிக்கு நொடி 0.5 மீட்டர் கூடுகிறது என்று வைத்தால் ஒவ்வொரு புறப்பாட்டிலும் 17 நொடி மிச்சம். மொத்தப் பயணம் எழுபத்து நாலரை நிமிடம். வேகத்தை 110 ஆக்கிக் கிடைத்த கிட்டத்தட்ட அதே லாபம், பாதையைத் தொடாமலேயே கிடைத்துவிடுகிறது. அடிக்கடி நிற்கிற வண்டிக்கு உச்ச வேகத்தைவிட, வேகம் பிடிக்கும் திறன்தான் முக்கியம். மெட்ரோ ரயில்களையும் நகர்ப்புற இலகு ரயில்களையும் அப்படி வடிவமைப்பது இதனால்தான்.

இந்தக் கணக்கை மறந்தால் பணக்கார ஊர்களிலும் இதே எரிச்சல்தான். நம்மவர்கள் பெருமளவில் வாழும் டொரன்டோ நகரில் 2025 டிசம்பரில் பிஞ்ச் வெஸ்ட் என்ற இலகு ரயில் திறக்கப்பட்டது. 10.3 கிலோமீட்டரில் 18 நிறுத்தங்கள். சராசரியாக 600 மீட்டருக்கு ஒன்று. போதாததற்குச் சாலைச் சந்திப்புகளின் சிவப்பு விளக்கிலும் வண்டி நின்றது. முதல் நாட்களில் முழுப் பாதையையும் கடக்க முக்கால் மணி நேரத்துக்கும் மேலானது. ஓட்டக்காரர் ஒருவர் பக்கத்திலேயே ஓடி ரயிலை முந்திக் காட்டினார். எழுந்த கோபத்தில், சிக்னலில் ரயிலுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று நகர மன்றமே தீர்மானம் போட வேண்டியதாயிற்று. அந்த நகரின் இன்னொரு பாதையான எக்லின்டன் 2011இல் வேலை தொடங்கி 2020இல் முடியும் என்றார்கள். அதற்குப் பிறகும் ஐந்தாண்டுக்கு மேல் இழுத்தது.

திரும்ப அம்பாசமுத்திரத்துக்கே, அதாவது அம்பைக்கே, வருவோம். நிறுத்தமெல்லாம் கூட்டியும் 79 நிமிடம்தான் வருகிறது. மீதி நேரம் எங்கே போகிறது? எதிர்வண்டியிடம்.

மதுரையிலிருந்து திருநெல்வேலி வரை இரட்டைப் பாதை. திருநெல்வேலிக்கு மேற்கே ஒற்றைப் பாதை. வயல் வரப்பில் எதிரெதிரே வரும் இரண்டு பேரில் ஒருவர், அகலமான இடம் பார்த்து ஒதுங்கி நின்றால்தான் மற்றவர் போக முடியும். ஒற்றைத் தண்டவாளத்தில் அந்த அகலமான இடம்தான் கிராசிங் ஸ்டேஷன். எல்லா ஊரிலும் அது இருக்காது. இரண்டாவது, மூன்றாவது தண்டவாளமும் சிக்னலும் ஸ்டேஷன் மாஸ்டரும் இருக்கிற ஊரில்தான் வண்டிகள் விலக முடியும்.

இரண்டு வண்டிகள் ஒரே பாதையில் எதிரெதிரே நுழைந்துவிடக் கூடாது என்பதற்கு மீட்டர்கேஜ் காலத்தில் ஓர் அருமையான ஏற்பாடு இருந்தது. ஸ்டேஷனில் இருக்கும் கருவியிலிருந்து ஓர் உலோக உருண்டை வெளியே வரும். அதுதான் டோக்கன். பக்கத்து ஸ்டேஷனின் சம்மதம் மின்கம்பி வழியாக வந்தால்தான் கருவி அதை விடும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அது மறுமுனையில் போய்ச் சேரும்வரை இரண்டு பக்கக் கருவியும் இன்னொன்றைத் தராது. அந்த உருண்டையைத் தோல் பையில் போட்டு, பெரிய பிரம்பு வளையத்தில் கட்டி, ஓடுகிற எஞ்சினை நோக்கி நீட்டுவார்கள். எஞ்சின்காரர் கையை வளையத்துக்குள் விட்டு வாங்கிக்கொள்வார். பழைய வளையத்தைப் பிளாட்பாரத்தில் வீசுவார். கையில் உருண்டை இருந்தால் பாதை தன்னுடையது. அதைவிட எளிய, அதைவிட உறுதியான பாதுகாப்பை யோசிப்பது கடினம். இன்று அந்த வேலையை, கடந்துபோகும் அச்சுகளை எண்ணிச் சரிபார்க்கும் மின்னணுக் கருவிகள் செய்கின்றன. விதி அதேதான்: இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே ஒரு நேரத்தில் ஒரு வண்டி.

இதோடு இன்னொரு விதியும் சேர்கிறது. ஸ்டேஷனுக்குள் வருகிற வண்டி, நிற்க வேண்டிய சிக்னலைத் தவறிச் சற்றுத் தாண்டிவிட்டாலும் விபத்து நேரக் கூடாது. அதற்காகச் சிக்னலுக்கு அப்பால் கொஞ்சத் தூரம் காலியாக வைத்திருக்க வேண்டும். நவீன சிக்னல் உள்ள இடங்களில் அது 120 மீட்டர். கிராசிங் ஸ்டேஷனின் அமைப்பு அதற்கு இடம் தராவிட்டால், இரண்டு பக்கமிருந்தும் ஒரே நேரத்தில் வண்டிகளை உள்ளே விட முடியாது. முதல் வண்டி வந்து நிற்கும்வரை இரண்டாவது வண்டி வெளியே காத்திருக்கும். "அவுட்டர்ல போட்டுட்டான்" என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஊர் கண்ணுக்குத் தெரியும், இறங்க முடியாது. பயணியை இதைவிட எரிச்சலூட்டும் தாமதம் வேறில்லை. ஆனால் வண்டி விலகி நிற்கும் லூப் தண்டவாளத்தைக் கொஞ்சம் நீட்டி, தடம் மாற்றும் பாயின்ட் கூடுதலாக வைத்தால் தீர்ந்துவிடக்கூடிய தாமதம் இது.

ஒற்றைப் பாதையின் உண்மையான கேடு, தாமதம் தொற்றிக்கொள்வதுதான். இரட்டைப் பாதையில் ஒரு வண்டி தாமதமானால் அதற்குப் பின்னால் வருகிற வண்டிதான் பாதிக்கப்படும். ஒற்றைப் பாதையில், தன் நேரத்துக்குச் சரியாக வந்து நிற்கும் எதிர்த்திசை வண்டியும் பாதிக்கப்படும். தென்காசியிலிருந்து வர வேண்டியது 20 நிமிடம் தாமதம் என்றால், அம்பையில் நிற்பதும் 20 நிமிடம் நிற்கும். மதுரைக் கோட்டத்தின் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர், நிற்கிற வண்டியை இன்னும் ஒரு கிராசிங் ஸ்டேஷன் முன்னே தள்ளிப் பார்க்கலாம். அடுத்த ஸ்டேஷன் பக்கத்தில் இருந்தால் அது பலிக்கும். தூரத்தில் இருந்தால், தள்ளிவிட்டதால் எதிர்வண்டி அங்கே போய் நிற்கும். இருவரில் ஒருவர் காத்திருந்தே ஆக வேண்டும். நெடுந்தூர எக்ஸ்பிரசுக்குத்தான் வழி என்பது நடைமுறையாக இருப்பதால் பாசஞ்சர்தான் எப்போதும் ஒதுங்குகிறது. அப்படி ஒதுங்கிய பாசஞ்சர் தாமதமாகப் போய்ச் சேர்ந்து, தாமதமாகத் திரும்பி, மாலையில் இன்னொரு வண்டியைக் காக்க வைக்கும்.

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே உள்ள 8 கிலோமீட்டரை இந்த இடத்தில் கவனிக்க வேண்டும். அம்பை வழியாக வருகிற வண்டியும் அதில்தான் போக வேண்டும். ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாக வருகிற பொதிகை, சிலம்பு எக்ஸ்பிரஸ்களும் அதில்தான். கொல்லம், குருவாயூர் வண்டிகளும் அதில்தான். கேரளத்தில் எங்கோ ஒரு மூலையில் மதுரை வண்டிக்கு ஏற்பட்ட தாமதம், மலையைத் தாண்டி வந்து, இந்த 8 கிலோமீட்டருக்குள் நுழைந்து, செங்கோட்டையில் புறப்படத் தயாராக நிற்கும் நெல்லை பாசஞ்சரைப் பிடித்து வைக்க முடியும். அந்தப் பாசஞ்சர் தாமதமானதால்தான் அம்பையில் அண்ணாச்சி உட்கார்ந்திருக்கிறார்.

பாதை எவ்வளவு நிறைந்திருக்கிறதோ அவ்வளவு காத்திருப்பு என்று நினைப்போம். உண்மையில் அது இன்னும் மோசம். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த எர்லாங் என்ற டேனிஷ் கணிதக்காரர், 1909இல் தொலைபேசி அழைப்புகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையிலிருந்து வரிசைகளின் கணிதம் பிறந்தது. அதன் மிக எளிய வடிவம் சொல்வது இது: ஒரு சேவை பாதி நேரம் வேலையாக இருந்தால், சராசரிக் காத்திருப்பு ஒருவருக்கு வேலை முடிக்க ஆகும் நேரத்துக்குச் சமம். 80 சதவீதம் வேலையாக இருந்தால் அதைப்போல் நான்கு மடங்கு. 90 சதவீதம் என்றால் ஒன்பது மடங்கு. 80இலிருந்து 90க்குப் போவது சின்ன மாற்றமாகத் தெரியும். காத்திருப்போ இரட்டிப்பைத் தாண்டிவிடுகிறது. ரயில்கள் அட்டவணைப்படி வருவதால் அவற்றின் நிலைமை இவ்வளவு கடுமையாக இராது. ஆனாலும் வளைகோட்டின் வடிவம் இதுதான்.

இந்திய ரயில்வேயில் ஒற்றைப் பாதையின் கொள்ளளவைக் கணக்கிட ஸ்காட் சூத்திரம் என்ற ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு நாளில் 1,440 நிமிடம். இரண்டு கிராசிங் ஸ்டேஷன்களுக்கு நடுவே மிக அதிக நேரம் எடுக்கும் துண்டை எடுத்து, அதை மெதுவான வண்டி கடக்கும் நேரத்தோடு சிக்னல் வேலைக்கான சில நிமிடங்களைக் கூட்டி, 1,440ஐ அதனால் வகுக்க வேண்டும். வருகிற விடையை 0.7ஆல் பெருக்க வேண்டும். அந்த 0.7இல்தான் அனுபவம் இருக்கிறது. பராமரிப்புக்கும், தாமதத்தை உள்வாங்கவும் 30 சதவீதத்தை விட்டுவைக்கச் சொல்கிறது அது. அதையும் மீறி வண்டிகளைத் திணித்தால் எர்லாங்கின் வளைகோடு பழிவாங்கும். ஒவ்வொரு புதிய எக்ஸ்பிரசையும் நாம் வரவேற்கிறோம், வரவேற்க வேண்டியதுதான். பாதை ஒற்றையாகவே இருக்கும்போது அந்த எக்ஸ்பிரசின் விலையைப் பாசஞ்சர் பயணிகள் கொடுக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

செங்கோட்டைக்கு மேற்கே கதை வேறு. அங்கே மெதுவாகப் போவதற்கு இயற்பியல் காரணம் இருக்கிறது. அதற்குக் கோபப்படக் கூடாது என்பது என் கருத்து.

1904இல் திறக்கப்பட்ட செங்கோட்டை–புனலூர் பாதை, பகவதிபுரம், ஆரியங்காவு, தென்மலை வழியாக மேற்குத் தொடர்ச்சி மலையைக் கடக்கிறது. சுமார் 50 கிலோமீட்டர். கழுதுருட்டி அருகே பதிமூன்று கண் பாலம், மலையைக் குடைந்த சுரங்கம், விடாமல் வளைவுகள். வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர். எஞ்சின் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

ரயில் சமதளத்தில் ஓட மிகக் குறைந்த விசை போதும். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தில் உருள்வதால் ஒரு டன் எடைக்கு மூன்று கிலோ விசை அளவில் முடிந்துவிடும். அதுதான் ரயிலின் பெரிய பலம். ஏற்றத்தில் அதே பலம் பலவீனமாகிறது. 40 மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறும் சரிவை எடுத்துக்கொள்வோம். அதில் ஒவ்வொரு டன்னும் 25 கிலோ விசையோடு பின்னால் இழுக்கும். சமதளத்தைப்போல் எட்டு மடங்குக்கு மேல். 18 பெட்டிகள் 900 டன், டபிள்யூ.ஏ.பி.-7 எஞ்சின் 123 டன் என்று வைத்தால் மொத்தம் 28 டன்னுக்கு மேல் இழுவிசை வேண்டும். எஞ்சினுக்குக் குதிரைத்திறன் உண்டு. ஆனால் அந்தத் திறனைத் தண்டவாளத்துக்குக் கடத்துவது சக்கரத்தின் பிடிப்புதான். காய்ந்த தண்டவாளத்தில் எஞ்சின் எடையில் சுமார் 30 சதவீதம் வரை பிடிப்பு கிடைக்கும்: 37 டன். ஈரத்தில் அது பாதியாகக் குறையலாம்: 18 டன். வேண்டியது 28. சக்கரம் சுற்றும், வண்டி நகராது.

தண்டவாளத்துக்கு மிக மோசமான ஈரம் எதுவென்றால் கொட்டும் மழை அல்ல. கனமழை தண்டவாளத்தைக் கழுவிவிடும். மெல்லிய தூறல்தான், இலைச் சாறோடும் தூசியோடும் துருவோடும் சேர்ந்து வழுக்கும் படலமாகிறது. குற்றாலத்தில் நாம் ஆசையோடு எதிர்பார்க்கிற சாரல், ஆரியங்காவு ஏற்றத்தில் எஞ்சின் டிரைவருக்குச் சோதனை. அதனால்தான் எஞ்சின்களில் மணல் பெட்டி இருக்கிறது. சக்கரத்துக்கு முன்னால் மணலைத் தூவிப் பிடிப்பைக் கூட்டுகிறார்கள். அதனால்தான் பின்னால் இன்னொரு எஞ்சின்.

இறக்கத்தில் ஆபத்து அதிகம். பிரேக் வண்டியை நிறுத்தப் பார்க்கும்போது சரிவு அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். சமதளத்தில் நொடிக்கு நொடி 0.5 மீட்டர் வேகம் குறைக்கும் பிரேக், இந்தச் சரிவில் அதில் பாதிதான் குறைக்கும். 30 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி சுமார் 140 மீட்டரில் நிற்கும். 60 என்றால் 500 மீட்டருக்கு மேல் வேண்டும். வளைவுக்குப் பின்னால் பாறை விழுந்து கிடந்தால், 500 மீட்டருக்கு முன்பே அதைப் பார்க்க முடியாது. எனவே 30.

ஆனால் இந்தப் பாதையில் பொறுமை காட்ட முடியாத ஒரு தாமதம் நடந்தது. 2010 செப்டம்பரில் மீட்டர்கேஜை மூடினார்கள். பிராட்கேஜ் முழுமையாகத் திறந்தது 2018இல். செங்கோட்டைக்கும் புனலூருக்கும் நடுவே ஏழு ஆண்டுக்கு மேல் மலையைக் கடக்கும் ரயிலே இல்லை. நூறு ஆண்டாக ரயிலில் போய்வந்த வியாபாரமும் உறவும் பேருந்துக்கு மாறின. மலையில் வேலை கடினம், சுரங்கங்களை அகலப்படுத்த வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் சென்னையில் குடைய வேண்டிய மலை இல்லை. அங்கும் வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரையிலான 5 கிலோமீட்டர் பறக்கும் ரயில் பாதை, 2008இல் தொடங்கி, கடைசி அரை கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்குகளால் பத்தாண்டுக்கு மேல் அந்தரத்தில் நின்றது. இயற்பியலால் வரும் தாமதத்தையும் நிர்வாகத்தால் வரும் தாமதத்தையும் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும்.

ரயிலோடு காத்திருப்பு முடிந்துவிடுவதில்லை. குற்றாலத்துக்கு ரயில் கிடையாது. தென்காசியில் இறங்கி 5 கிலோமீட்டர் பேருந்தில் போக வேண்டும். சீசனில் இந்தப் பேருந்துக்காக நிற்பவர்கள், "பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ்" என்ற வாக்கு பொய் என்று கோபப்படுகிறார்கள். வாக்கு பொய்யாக இல்லாமலேயே கோபம் நியாயமாக இருக்க முடியும். ஒரு மணி நேரத்தில் ஆறு பேருந்து போனால் சராசரி இடைவெளி 10 நிமிடம். சீராக வந்தால் சராசரியாக 5 நிமிடம் நிற்போம். ஆனால் இரண்டிரண்டாக, 2 நிமிட இடைவெளியும் 18 நிமிட இடைவெளியும் மாறி மாறி வந்தால்? நிறுத்தத்துக்கு வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் அந்த 18 நிமிட இடைவெளிக்குள்தான் வந்து மாட்டுவார்கள். சராசரிக் காத்திருப்பு 8.2 நிமிடமாகிவிடுகிறது. பேருந்து எண்ணிக்கை குறையவில்லை. காத்திருப்பு மட்டும் 60 சதவீதத்துக்கு மேல் கூடிவிட்டது.

பேருந்துகள் ஏன் கூட்டுச் சேருகின்றன என்பதை நியூவெல், பாட்ஸ் என்ற இருவர் 1964இல் கணிதமாக எழுதினார்கள். சற்றுத் தாமதமான பேருந்துக்கு நிறுத்தத்தில் அதிகம் பேர் காத்திருப்பார்கள். ஏற்ற நேரமாகும். இன்னும் தாமதமாகும். பின்னால் வருவதற்கு ஆள் குறைவு, அது வேகமாக வந்து ஒட்டிக்கொள்ளும். மெயினருவியில் வெள்ளம் பெருகிக் குளிக்கத் தடை போட்டதும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் ஐந்தருவிக்கோ தென்காசிக்கோ திரும்பும் நாளில் இது கண்முன்னே நடக்கும். கூடுதல் பேருந்து விடுவது மட்டும் போதாது. முன்னால் போவதைப் பார்த்து, பின்னால் வருவதை இரண்டு நிமிடம் பிடித்து வைக்க ஓர் ஆள் நிற்க வேண்டும்.

காத்திருப்பின் நீளத்துக்கும் அதன் வலிக்கும் நேரடிக் கணக்கு இல்லை. டேவிட் மைஸ்டர் என்ற நிர்வாகவியல் ஆய்வாளர் 1985இல் எழுதிய கட்டுரை ஒன்று இதைத் தெளிவாகப் பேசுகிறது: எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பு, காரணம் சொல்லப்படாத காத்திருப்பு, நியாயமில்லை என்று தோன்றும் காத்திருப்பு, இவை மூன்றும் கடிகாரம் காட்டுவதைவிட நீளமாகத் தெரியும். அம்பையில் நிற்கிற பாசஞ்சரில் மூன்றும் ஒன்றாக இருக்கின்றன. எதிர்வண்டி எங்கே வருகிறது என்பது ஸ்டேஷன் மாஸ்டருக்குத் தெரியும். "எதிர்வண்டி பாவூர்சத்திரம் தாண்டிவிட்டது, உங்கள் வண்டி 9.40க்குப் புறப்படும்" என்று ஒலிபெருக்கியில் தமிழில் ஒரு வாக்கியம் சொன்னால், ஒருவர் இறங்கி டீ குடிப்பார், ஒருவர் வீட்டுக்குத் தகவல் சொல்வார், கல்லூரிக்குப் போகிறவர் பஸ்ஸைப் பிடிக்கலாமா என்று முடிவெடுப்பார். தாமதம் அப்படியே இருக்கும். ஆனால் அந்த நேரம் பயணியின் கைக்குத் திரும்ப வந்துவிடும்.

அளக்கும் முறையும் மாற வேண்டும். நெடுந்தூர வண்டி நேரத்துக்குப் போனதா என்பதை ரயில்வே கடைசி ஸ்டேஷனில் பார்க்கிறது. கடைசித் துண்டில் ஓட்ட நேரத்தைத் தாராளமாக எழுதிவைத்தால், வழியெல்லாம் தாமதமான வண்டியும் முடிவில் சரியான நேரத்துக்கு வந்ததாகவே கணக்கில் ஏறும். சுவிட்சர்லாந்தில் 3 நிமிடம் தாண்டினாலே தாமதம்; வண்டிகளை எண்ணாமல், நேரத்துக்குப் போய்ச் சேர்ந்த பயணிகளை எண்ணுகிறார்கள்.

அந்த நாட்டிடம் கற்க இன்னொன்று உண்டு. 1982இலிருந்து அங்கே ரயில்கள் ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் புறப்படுகின்றன. முதலில் கால அட்டவணையை எழுதினார்கள். வண்டிகள் எங்கே சந்திக்கும் என்று அதில் பார்த்தார்கள். அந்த இடத்துக்கேற்பத் தண்டவாளம் போட்டார்கள். நாம் தண்டவாளத்தைப் போட்டுவிட்டு அதற்குள் அட்டவணையைத் திணிக்கிறோம்.

திருநெல்வேலி–தென்காசிக்கு இதைப் போட்டுப் பாருங்கள். மெமுவுக்கு ஓட்ட நேரம் 75 நிமிடம். தாமதத்தை உள்வாங்க 15 நிமிடம் சேர்த்து 90 என்று வைப்போம். இரு முனையிலிருந்தும் மணிக்கு ஒரு வண்டி, ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் அரை மணி வித்தியாசத்தில் புறப்பட்டால், எதிரெதிர் வண்டிகள் ஒவ்வோர் அரை மணி ஓட்டத்துக்கும் ஒருமுறை சந்திக்கும். 90 நிமிடப் பாதையில் நடுவே இரண்டே இடம்: ஒன்று சேரன்மகாதேவியைத் தாண்டி, மற்றொன்று ஆழ்வார்குறிச்சியைத் தாண்டி. நாள் முழுதும் எல்லா வண்டியும் அந்த இரண்டு இடத்தில்தான் விலகும். முழுப் பாதையையும் இரட்டிப்பாக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அந்த இரண்டு இடத்திலும் சில கிலோமீட்டர் இரட்டைப் பாதை போட்டால், ஐந்து நிமிடத் தாமதம் எதிர்வண்டியைத் தொடவே தொடாது. தென்காசி–செங்கோட்டை 8 கிலோமீட்டரை மட்டும் முழுவதும் இரட்டிப்பாக்கியே ஆக வேண்டும். அதற்கு மாற்று வழி எனக்குத் தெரியவில்லை.

2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானது. மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் நீதிமன்றத்துக்கும் நெல்லைக்குப் போய்வருகிறவர்கள் இன்னும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் சார்பாக மனு எழுதுகிறவர்கள், "வேகத்தை 110 ஆக்குங்கள்" என்று எழுதுவதை நிறுத்திவிட்டு, மணிக்கொரு மெமுவையும், இரண்டு வண்டியை ஒரே நேரத்தில் உள்ளே விடக்கூடிய கிராசிங் ஸ்டேஷன்களையும், செங்கோட்டை வரை இரட்டைப் பாதையையும் கேளுங்கள். நேரந்தவறாமையை அம்பையிலும் பாவூர்சத்திரத்திலும் அளந்து மாதந்தோறும் வெளியிடச் சொல்லுங்கள். கேட்கிற அதிகாரி கணக்கு கேட்டால், இந்த அத்தியாயத்தில் உள்ள எண்களைக் காட்டுங்கள்.